உலகநாச்சியின் கூந்தல்: மட்டக்களப்பு மரபும் வரலாற்றுப் புனைவும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், கல்முனை வீதியோரமாக, கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையே அமைந்த குருக்கள்மடம், இன்றைய நிருவாகப் பிரிப்பில் மண்முனை தென் எருவில்பற்றைச் சேர்ந்தது. மண்முனை என்னும் பெயரை மட்டக்களப்பின் மரபுவழி வரலாறு ஒரு பெண்ணோடு சேர்த்தே சொல்கிறது. கலிங்கத்திலிருந்து கடல் கடந்து வந்து, இலங்கை வேந்தன் மேகவர்ணனிடம் நிலம் கேட்டுப் பெற்று, காடழித்து, குடிகளை வரவழைத்து இருத்தி, அரசும் கோயிலும் அமைத்தவள் எனப் போற்றப்படும் உலகநாச்சியே அந்தப் பெண். இவ்வளவு செயல்களுக்கு உரியவளாக மரபு காட்டும் ஒருத்தி, கலிங்க மன்னன் குகசேனனின் மகளாகவும் உலகநாதனின் உடன்பிறப்பாகவும் மேகவர்ணனிடம் பரிசு பெற்றவளாகவுமே பெரும்பாலும் நினைக்கப்படுகிறாள். ஆற்றலுள்ள பெண்கள் புகழ்பெற்ற ஆண் உறவினரின் நிழலில் மறைந்துபோவது உலகெங்கும் காணப்படுவதுதான். ஆனால் தாய்வழியில் குடி எண்ணும் ஒரு சமூகத்தில் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், அந்த நிழலை விலக்க முனையும் புனைகதை எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதும் தனியே ஆராயத்தக்கவை.

வரலாற்றுப் புனைவு என்பது வாழ்ந்த மனிதரையும் நடந்த காலத்தையும் அடிப்படையாகக் கொண்டு, ஏடுகள் விட்டுச்சென்ற இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பும் எழுத்து. மறைக்கப்பட்ட பெண்ணை மையமாக்கும் புனைவுக்கு அந்த இடைவெளியே மூலதனம். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியான தம் நூலில், சேக்சுபியருக்கு அவரளவு திறமையுள்ள தங்கை ஒருத்தி இருந்திருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தார். அவர் கற்பனையில் படைத்ததற்கு நிகரான வாழ்க்கை மெய்யாகவே வாழப்பட்டிருந்தது. செருமானிய இசையமைப்பாளர் பெலிக்சு மெண்டல்சனின் தமக்கை பானி (1805–1847) இயற்றிய பாடல்களில் ஆறு, தம்பியின் பெயரில் வெளியான இரண்டு தொகுதிகளில் சேர்க்கப்பட்டிருந்தன. 1842இல் விக்டோரியா அரசியார் பெலிக்சின் பாடல் என்று எண்ணி விரும்பிப் பாடியது பானியின் பாடலாக இருந்தது. பானியைப் பற்றி எழுத விரும்புபவருக்குக் கடிதங்களும் இசைத்தாள்களும் கிடைக்கின்றன. உலகநாச்சியைப் பற்றி எழுத விரும்புபவருக்கோ, ஒன்றோடொன்று முரண்படும் சில நூல்களும், ஒரு கோயிலும், ஒரு நிலப்பகுதியின் பெயருமே உள்ளன. எனவே அந்நூல்களை அருகருகே வைத்துப் படிப்பதிலிருந்தே வேலை தொடங்க வேண்டும்.

உலகநாச்சி கதையின் நடுவில் இருப்பது புத்தரின் பல்தாது, அதாவது இன்று கண்டி தலதா மாளிகையில் வைத்து வணங்கப்படும் புனிதச் சின்னம், கலிங்கத்திலிருந்து இலங்கைக்கு வந்த நிகழ்ச்சி. மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் இதை மிகச் சுருக்கமாகக் குறிக்கிறது: கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிறிமேகவண்ணனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், பிராமணப் பெண் ஒருத்தி கலிங்கத்திலிருந்து பல்தாதுவைக் கொண்டுவந்தாள். அந்தக் குறிப்பில் அவளுக்குப் பெயர் இல்லை; ஆனால் அவளோடு வந்ததாக எந்த ஆணும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்மகித்தி என்னும் பிக்கு பாளி மொழியில் பாடிய தாதாவம்சம் இதை முழுநீளக் காவியமாக விரிக்கிறது. அதில் பெண்ணுக்கு ஏமமாலை என்ற பெயர் கிடைக்கிறது. கலிங்க மன்னன் குகசிவனின் மகள் என்ற குலமும் கிடைக்கிறது. உச்சயினி இளவரசன் தந்தன் என்ற கணவனும் வந்து சேர்கிறான். பகைவர் நாட்டைச் சூழ்ந்தபோது தந்தையின் சொற்படி இருவரும் மாறுவேடம் பூண்டு வெளியேற, ஏமமாலை பல்தாதுவைத் தன் கூந்தலுக்குள் முடிந்துவைத்துக் கொள்கிறாள்.

இந்தக் காவியம் தோன்றிய சூழலும் கவனத்துக்குரியது. பொலனறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தேவியான லீலாவதி, கணவனின் மறைவுக்குப் பின் 1197க்கும் 1212க்கும் இடையில் மும்முறை அரியணை ஏறியவள். அவளை மூன்றாம் முறை அரியணையில் அமர்த்திய படைத்தலைவனின் வேண்டுகோளால் பாடப்பட்டதே தாதாவம்சம். ஓர் அரசி ஆண்ட காலத்தில், அரசகுமாரி ஒருத்தி சமயச் சின்னத்தைக் காத்த கதை காவியமானது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் இந்த இரு பெண்களையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எந்த எழுத்தாளருக்கும் எழத்தான் செய்யும். லீலாவதியையும் பொது நினைவு பராக்கிரமபாகுவின் தேவியாகவே பெரிதும் வைத்திருக்கிறது.

மட்டக்களப்பு மரபு இதே கதையைத் தன் நிலத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறது. ஏட்டுச்சுவடிகளாக வழங்கிவந்து, 1962இல் வித்துவான் எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்களால் பதிப்பிக்கப்பட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’, கலிங்க மன்னன் குகசேனனின் மகள் உலகநாச்சி, பல்தாதுவைக் கேசத்தில் மறைத்து, சிவலிங்கம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தானாகிய உலகநாதனோடு வந்து, தாதுவை மேகவர்ணனிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக நிலம் பெற்றாள் என்கிறது. அவள் தெரிந்துகொண்ட இடம் மண்முனை. தன் நாட்டுக் குடிகளையும் தொழிற்குடிகளையும் வரவழைத்து அங்கே இருத்துகிறாள். வாவியின் மேற்குக் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தலவரலாறும் அவளைச் சேர்த்தே வழங்குகிறது. கொக்கட்டி மரத்தை வேடன் ஒருவன் வெட்டியபோது இரத்தம் பெருக, செய்தி அறிந்த உலகநாச்சி அங்கே கோயில் எடுப்பித்தாள் என்பது அம்மரபு.

மூன்று நூல்களிலும் செயல் ஒன்றுதான், செய்தவளும் ஒருத்தியே. மாறுவது அவளைச் சூழ்ந்த ஆண்கள். சூளவம்சத்தில் அவள் தனியாள். தாதாவம்சத்தில் கணவனோடு வருகிறாள். மான்மியத்தில் கணவன் மறைந்து உடன்பிறந்தான் வருகிறான். குகசிவன், குகசேனன் என்ற பெயர்களின் ஒற்றுமையும், மேகவண்ணன், மேகவர்ணன் என்ற பெயர்களின் ஒற்றுமையும் இவை ஒரே கதையின் கிளைகள் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன. மான்மியம் பல காலப் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த நூல். அதன் ஆண்டுக் கணக்குகளை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் ஒரு சமூகம் தன் நில உரிமைக்கு எந்த மூலத்தைக் காட்ட விரும்பியது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. அந்த மூலம் ஒரு பெண் பெற்ற நிலம் என்பதுதான் இங்கே முதன்மையான செய்தி.

கூந்தலில் மறைத்தல் என்ற சிறு செய்தியை மட்டும் தாதாவம்சமும் மான்மியமும் கைவிடாமல் வைத்திருக்கின்றன. படையாலும் மதிலாலும் காக்க முடியாத ஒன்றை, எவரும் ஐயுறாத இடத்தில் வைத்து, துறைமுகம் துறைமுகமாகக் கடந்து, பல நாள் கடற்பயணத்திலும் கூந்தலை அவிழ்க்காமல், நீராடாமல், உறக்கத்திலும் தலையைக் காத்து வந்து சேர்ப்பது எளிதான காரியம் அன்று. அதற்குத் துணிவு மட்டும் போதாது. திட்டமும் தன்னடக்கமும் வேண்டும். பழைய நூல்கள் இந்த உழைப்புக்குச் சிறிதளவே இடம் கொடுக்கின்றன; தாது அரசனை அடைந்தபின் எடுக்கப்பட்ட விழாவையோ தாதாவம்சம் பலபட வருணிக்கிறது. திறமையுள்ள பெண் மறைக்கப்படுவது பெரும்பாலும் அவள் பெயரை நீக்குவதால் அன்று, கதையின் நீளம் பங்கிடப்படும் முறையால்தான் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. அந்தக் கப்பல் கரைசேர்ந்த இடம் கிழக்குக் கரையில் வெருகலுக்கு அண்மையிலுள்ள இலங்கைத்துறை என்று ஒரு மரபு அடையாளம் காட்டுவதால், கிழக்கிலங்கை எழுத்தாளர் ஒருவர் இந்தப் பயணத்தைத் தமக்கு நன்கு தெரிந்த கடலையும் காற்றையும் கொண்டே எழுத இயலும்.

இதே மான்மியத்திலும், திருகோணமலைக் கோயிலின் ஒழுங்குகளைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்களிலும் வரும் ஆடகசவுந்தரியின் நிலை இன்னும் கடுமையானது. குழந்தைப் பருவத்தில் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, இலங்கைக் கரையில் எடுத்து வளர்க்கப்பட்டு, உன்னாசகிரியில் அரசாண்டவளாக அவள் பேசப்படுகிறாள். திருகோணமலையில் திருப்பணி செய்யவந்த சோழகுலத்துக் குளக்கோட்டனைத் தன் எல்லைக்குள் நுழைந்தவன் என்று கருதித் தடுக்கப் படை அனுப்புகிறாள். பின்னர் அவனையே மணக்கிறாள். மணத்தோடு அவளுடைய அரசியல் முடிந்துவிடுகிறது. கோயிலும் குளமும் குளக்கோட்டனின் பெயரில் நிற்க, கந்தளாய்க் குளம் அவனுடைய புகழாகச் சொல்லப்பட, அவள் தேவியாகவும் தாயாகவும் சுருங்குகிறாள். எல்லை காக்கப் படை அனுப்பிய அரசி, மணநாளுக்குப் பின் நாட்டைப் பற்றி என்ன நினைத்தாள் என்ற கேள்வியைப் புராணம் எழுப்பவே இல்லை. நாவலுக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இருக்க முடியாது.

உலகநாச்சியின் அருகில் கணவன் இருந்த இடத்தில் மட்டக்களப்பு மரபு உடன்பிறந்தானை ஏன் நிறுத்தியது என்பதற்கு விடை இந்தப் பிரதேசத்தின் குடிமுறையில் இருக்கிறது. குடி என்பது தாய்வழியாகத் தொடரும் உறவுக் குழு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் கூடாது. மணமானபின் ஆண் மனைவியின் வீட்டுக்குச் செல்வதே வழக்கம். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு அருகில் வேறு வீடு கட்டிக்கொள்வதை, அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாகப் பதிவுசெய்துள்ளார். கோயில்களில் குடியின் சார்பில் பொறுப்பேற்கும் வண்ணக்கர் ஆணாகவே இருப்பார். ஆனால் அந்த உரிமை அவருக்குத் தந்தையிடமிருந்து வருவதில்லை, தாயிடமிருந்து வருகிறது. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக வெளியிட்ட முக்குவர் சட்டம், அதாவது இப்பிரதேசத்துச் சமூகங்களுள் ஒன்றான முக்குவரின் வழக்குச் சட்டம், முதுசம் எனப்படும் பரம்பரைச் சொத்து ஒருவனின் மக்களுக்குச் செல்லாமல் அவன் சகோதரியின் மக்களுக்குச் செல்லும் முறையைக் கூறுகிறது.

இந்த ஒழுங்கில் ஓர் ஆணின் பெயரையும் பதவியையும் அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவள் மனைவியல்ல, சகோதரி. வன்னியர் என்னும் பிரதேசத் தலைவர், போடியார் என்னும் பெருநிலக்காரர், வண்ணக்கர் என்று ஊர் நினைவில் நிற்கும் ஒவ்வோர் ஆணுக்குப் பின்னும், எவளுடைய வயிற்றின் வழியாக அந்த உரிமை வந்ததோ அந்தத் தாயும், எவளுடைய மக்களுக்கு அது போகவேண்டுமோ அந்தச் சகோதரியும் இருந்தார்கள். பட்டியல்களில் ஆண்களின் பெயர்களே இருக்கின்றன. அப்பெயர்களைக் கோத்த நூலோ பெண்களின் கையில் இருந்தது. உலகநாச்சி நிலம் பெறுவதும் உலகநாதன் உடனிருப்பதும் இந்தச் சமூகத்தின் இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்துகின்றன. தாய்வழி முறை பெண்ணுக்கு ஆட்சியைக் கொடுத்துவிட்டது என்று எண்ணுவது பிழை. நிலமும் வீடும் பெண் வழியில் சென்றன. வழக்குப் பேசுவதும், கோயில் முன்னின்று நடத்துவதும், அரசோடு உறவாடுவதும் ஆண்களிடம் இருந்தன. உடைமை ஒருவரிடமும் குரல் இன்னொருவரிடமும் இருந்த இந்த நிலையே மட்டக்களப்பு வரலாற்றுப் புனைவுக்கு உரிய முரண்.

தமிழில் வரலாற்று நாவல் என்றவுடன் நினைவுக்கு வரும் கல்கியின் மரபு இந்த முரணைக் கையாளப் போதுமானதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’, குந்தவையை அறிவும் அரசியல் நுட்பமும் உடையவளாகக் காட்டிப் பல தலைமுறை வாசகரின் மனத்தில் நிலைநிறுத்தியது. அது எளிய சாதனையன்று. ஆயினும் கல்வெட்டுகள் காட்டும் குந்தவை அந்த நாவலின் குந்தவையைவிடப் பெரியவள். தஞ்சைப் பெரிய கோயிலின் முதன்மைக் கல்வெட்டில் சோழ மன்னன் இராசராசன் தான் கொடுத்தவற்றை அடுத்துத் தன் அக்கனாகிய குந்தவை கொடுத்தவற்றையே குறிப்பிடுகிறான். தேவியர் அதற்குப் பின்னரே வருகின்றனர். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்கும் மூன்று கோயில்கள் எடுத்தவள், தந்தை சுந்தரசோழன் பெயரில் தஞ்சையில் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நிறுவியவள், தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் செய்து வைத்தவள் அவள். அவளுடைய கணவன் வல்லவரையர் வந்தியத்தேவனைப் பற்றியோ மிகச் சில குறிப்புகளே உள்ளன. அவளைச் சுட்டும்போது அவன் பெயரும் வருகிறது என்பதே அவனைப் பற்றிய முதன்மைச் செய்தி. நாவல் இதைத் தலைகீழாக்கிவிட்டது. சான்றுகள் நிறைந்த பெண் காதலியாகவும், சான்றுகள் மிகக் குறைந்த ஆண் கதைத்தலைவனாகவும் ஆனார்கள்.

செம்பியன்மாதேவியின் நிலையும் எண்ணத்தக்கது. கணவனாகிய சோழ மன்னன் கண்டராதித்தன் மறைந்தபின் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிச் சோழநாட்டுக் கோயிற்கலையின் போக்கையே அமைத்தவள், கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவனின் பெயரில் எடுப்பித்தாள். அங்குள்ள சிற்பத்தில் இலிங்கத்தை வணங்குபவனாகக் காட்டப்படுபவன் கண்டராதித்தன். இங்கே நிழலைத் தன்மேல் தானே இழுத்துக்கொண்டவள் அந்தப் பெண்தான். பக்தியா, கைம்பெண் ஒருத்தி பொதுவெளியில் இயங்குவதற்குக் கண்டுபிடித்த வழியா, இரண்டும் சேர்ந்ததா என்று ஆராய்வதற்குப் புனைகதையைவிடத் தகுந்த வடிவம் வேறில்லை. நிழலில் இருந்த பெண்கள் எல்லோரையும் பிறரால் ஒடுக்கப்பட்டவர்களாக மட்டும் எழுதுவது அவர்களின் அறிவை மீண்டும் ஒருமுறை மறுப்பதாகும்.

கல்கி மரபில் கதையை நகர்த்துவது காதல். ஆணும் பெண்ணும் சந்திப்பதும், பிரிவதும், சேர்வதும் அதன் எலும்புக்கூடு. மட்டக்களப்பின் குடிமுறையை மையமாகக் கொண்ட நாவலுக்கு அந்த எலும்புக்கூடு பொருந்தாது. அங்கே உணர்ச்சியின் அச்சு சகோதரனுக்கும் சகோதரிக்கும் இடையில், தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் இடையில் அமைய வேண்டும். நிலம் தங்கையுடையது, ஆளுகை அண்ணனுடையது. அண்ணனின் மனம் தன் பிள்ளைகளை நாட, சட்டம் அவன் கையிலிருப்பதைத் தங்கையின் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. ஓர் அண்ணன் தன் மகனுக்கு வயலொன்றை மறைவாக எழுதிக்கொடுக்க முயலும் நாளில் தங்கை என்ன செய்வாள்? இத்தகைய நெருக்கடிகள் வாள்வீச்சும் மாறுவேடமும் இல்லாமலே பெருங்கதையைத் தாங்கக்கூடியவை. உலகநாச்சியும் உலகநாதனும் மண்முனையில் அரசமைத்த கதையைக் காதல் கதையாக்காமல், உடன்பிறந்தோர் இருவரிடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்ற கதையாக எழுதினால், தமிழ் வரலாற்று நாவலுக்கே புதிய வடிவம் ஒன்று கிடைக்கும்.

இலங்கையின் சிங்கள அரங்கு இத்துறையில் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. மகாவம்சத்தில் விசயனுக்கு உதவி, அவனாலேயே கைவிடப்பட்ட குவேனியை, 1963இல் மேடையேறிய தம் நாடகத்தில் ஹென்றி ஜயசேன தன் தரப்பைத் தானே பேசும் பெண்ணாக்கினார். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்னும் இரு கூத்து மரபுகள் உயிரோடிருந்தும், மரபுக் கூத்தில் பெண்பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தனர். அரசியும் அன்னையும் ஆண் குரலிலேயே பாடினர். 1986இல் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பு ஈழத்துப் பெண்களின் கவிதைகளை முதன்முறையாக ஒன்றுசேர்த்தபோது வெளிப்பட்ட குரல்கள் நிகழ்காலத்தைப் பற்றியவை. அதே கூர்மையோடு கடந்தகாலத்தை நோக்கித் திரும்பும் உரைநடைக்குக் கிழக்கில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

அதற்கான மூலங்கள் அரசவம்ச நூல்களோடு முடிந்துவிடுவதில்லை. குருக்கள்மடத்துக்குத் தெற்கே இதே பற்றிலுள்ள குறுமண்வெளி முதல் வீரமுனை வரை வாழும் சீர்பாதர், சீர்பாததேவி என்னும் சோழ அரசகுமாரியோடு வந்தவர்களின் வழியினர் என்று தம்மைக் கூறிக்கொள்கின்றனர். வாலசிங்கன் என்ற மன்னன் அவளுடைய கணவனாகச் சொல்லப்பட்டாலும் ஒரு முழுச் சமூகமும் தன் பெயரைத் தேவியிடமிருந்தே எடுத்துக்கொண்டது. குருக்கள்மடத்தையும் எதிர்க்கரையிலுள்ள அம்பிளாந்துறையையும் இணைக்கும் ‘பாதை’, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகு, எழுவான்கரை எனப்படும் கிழக்குக் கரைக் குடும்பங்களையும் படுவான்கரை எனப்படும் மேற்குக் கரை வயல்களையும் நெடுங்காலமாகத் தொடுத்துவந்திருக்கிறது. அந்த வயல்களில் பெரும்பகுதி பெண்களுக்குச் சீதனமாகச் சென்ற நிலம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட சீதன உறுதிகளில் கொடுத்தவர், பெற்றவள், நாற்றிசை எல்லைகள் என்பன வரிசையாகப் பதிவாகியிருக்கும். எல்லையாகச் சுட்டப்படும் அயல் வயலும் வேறொரு பெண்ணின் பெயரிலேயே பல வேளைகளில் இருக்கும். இந்த உறுதிகளைத் தாயிடமிருந்து மகளுக்கு என்ற வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பெயரையும் கோயில்களில் குடிகளுக்குரிய திருவிழா முறைகளோடும், வீட்டுப் பெண்கள் சொல்லும் வழிவரலாற்றோடும் பொருத்திப் பார்த்தால், போடியார்களின் பட்டியலில் இடம்பெறாத பெண்கள் ஊரோடும் வயலோடும் உறவுமுறையோடும் வெளிப்படுவர். கிழக்கிலங்கையின் வரலாற்று நாவலாசிரியர் மான்மியத்துக்கு அருகில் திறந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஏடுகள் இந்த உறுதிகள்தாம்.